நிலவறை கட்டும் பிள்ளைகள்

பிள்ளைகள் என்ன படிக்கின்றனர் என்று கேட்கும் பெற்றோர் பலர். என்ன விளையாடுகின்றனர் என்று கேட்போர் சிலரே. பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் நாம், விளையாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளையின் உள்ளத்தில் ஒரு பாடம் பதிவதற்குக் கரும்பலகையைப் போலவே விளையாட்டுப் பலகையும் உதவுகிறது என்பதை அறிந்தோர் அறிவர்.

அப்படிப்பட்ட பெட்டிகளுள் ஒன்றை இம்மாதம் திறந்து பார்க்க விழைகிறோம். பெட்டியின் மேல் கொம்பு முளைத்த அரக்கன் ஒருவன் இருப்பான்; உள்ளே சீட்டுக் கட்டுகள் இருக்கும். ஆடுவோர் ஒவ்வொருவரும் மண்ணுக்கடியில் ஒரு கோட்டை கட்டவேண்டும். அதில் பொறிகள் வைக்கவேண்டும், பூதங்களைக் குடியேற்றவேண்டும், புதையல் தேடி வரும் வீரர்களை ஏமாற்றி உள்ளே இழுக்கவேண்டும். ஆங்கில நாடுகளில் தோன்றி உலகமெங்கும் பரவியுள்ள இந்த 'டன்ஜன்' விளையாட்டுகளைக் கண்டு, "இது நல்லதா, தீயதா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் பெட்டியின் மேலுள்ள படத்தைக் கண்டு மட்டும் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. அது எங்கிருந்து வந்தது, எவ்வாறு ஆடப்படுகிறது, ஆடுவோரிடம் எதைக் கேட்கிறது என்பவற்றை அறிந்த பின்னரே நாம் வாய் திறக்கலாம்.

சொல்லின் கதை

'டன்ஜன்' என்னும் சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. பழைய பிரெஞ்சு மொழியில் 'டோன்ஜோன்' என்றால் கோட்டையின் நடுவே நிமிர்ந்து நின்ற பெரிய கோபுரம். தலைவன் வாழ்ந்த இடம் அது. தலைவன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அதன் வேர். ஆனால் காலப்போக்கில் ஆங்கிலத்தில் அச்சொல் கோபுரத்தை விட்டிறங்கி, கோட்டையின் அடியிலுள்ள இருட்டுச் சிறையைக் குறிக்கலாயிற்று. மிக உயர்ந்ததைச் சுட்டிய சொல் மிகத் தாழ்ந்ததைச் சுட்டுவதாக மாறியது விந்தையே. ஆள்பவனின் மாடமும் அடைபட்டவனின் குழியும் ஒரே கட்டடத்தின் இரு முனைகள் என்பதை அச்சொல் இன்றும் நினைவூட்டுகிறது. தமிழில் நாம் அதனை நிலவறை என்றே கூறுவோம்.

கதையிலிருந்து ஆட்டத்திற்கு

மண்ணுக்கடியில் மறைந்த செல்வமும், அதைக் காக்கும் பூதமும் எல்லா நாட்டுப் பாட்டிமார் கதைகளிலும் உண்டு. அக்கற்பனைக்கு இருபதாம் நூற்றாண்டில் புத்துயிர் அளித்தவர்களுள் தலையாயவர் ஆங்கிலப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கின். 1954-இலும் 1955-இலும் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் அவருடைய பெருங்கதையில் மோரியா என்ற பாழடைந்த சுரங்க நகரம் வருகிறது. நன்மக்கள் சிலர் இருளில் வழி தேடி அதனூடே நடக்கும் பகுதி, நிலவறைக் கற்பனைக்கு ஊற்றாய் அமைந்தவற்றுள் ஒன்று.

டோல்கினின் வாழ்வு நம் வாசகர்கள் அறியத்தக்கது. அவருடைய தாய் 1900-ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினரின் ஆதரவை இழந்து வறுமையில் வாடினார்; 1904-இல் நீரிழிவு நோயால் இறந்தார். அனாதைகளான இரு மகன்களையும் வளர்க்கும் பொறுப்பை ஏற்றவர், புனித ஜான் ஹென்றி நியூமன் நிறுவிய பர்மிங்காம் ஆரட்டரியைச் சேர்ந்த பிரான்சிஸ் மார்கன் அடிகளார். டோல்கின் இறுதிவரை விசுவாசத்தில் ஊன்றி நின்றார். இருளையும் அரக்கரையும் பற்றி எழுதுவோரெல்லாம் இருளை விரும்புவோர் அல்லர் என்பதற்கு இவரே சான்று.

கதை ஆட்டமாக மாறியது அமெரிக்காவில். விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெனீவா ஏரிக் கரையில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் பொம்மைப் படைகளை வைத்துப் போராட்டம் ஆடி வந்தவர்கள். ஆர்னெசன் ஒரு கற்பனைக் கோட்டையின் அடியில் நிலவறைகளை வரைந்து, நண்பர்களைப் படைத் தலைவர்களாக அன்றித் தனித்தனி வீரர்களாக அதனுள் இறங்கச் செய்தார். இருவரும் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட விளையாட்டே 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முதற்பதிப்பு 1,000 பெட்டிகள்தாம். அதன் பக்கங்களில் 'ஹாபிட்' என்னும் டோல்கினின் குள்ள மனிதரும் இடம்பெற்றிருந்தனர். உரிமைச் சிக்கல் எழுந்த பின் அப்பெயர் 'ஹாஃப்லிங்' என மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, 1975-இல், ஆர்னெசனின் குழுவில் ஆடிய டேவிட் மெகாரி என்பவர் அமைத்த 'டன்ஜன்!' என்னும் பலகை விளையாட்டும் வெளிவந்தது. இன்று கைகாக்ஸும் இல்லை, ஆர்னெசனும் இல்லை. முன்னவர் 2008-இலும் பின்னவர் 2009-இலும் மறைந்தனர். அவர்கள் மூட்டிய விளக்கு மட்டும் 2024-இல் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தது.

திருப்பிப் போட்ட பலகை

இவ்விளையாட்டுகளில் ஆடுவோர் வீரர்கள், நிலவறை எதிரியுடையது. ஒருநாள் சிலருக்கு ஒரு வேடிக்கையான எண்ணம் பிறந்தது. "வீரர்கள் வந்து கதவை உடைத்து, பொறிகளைக் குலைத்து, செல்வத்தை அள்ளிச் செல்கின்றனரே, அந்த நிலவறையைக் கட்டியவனின் பாடு என்ன?" என்பதே அது. 1997-இல் இங்கிலாந்தின் புல்ஃபிராக் நிறுவனம் 'டன்ஜன் கீப்பர்' என்னும் கணினி விளையாட்டில் இவ்வெண்ணத்தைப் பரப்பியது. செக் நாட்டைச் சேர்ந்த விளையாட்டு அமைப்பாளர் விளாதா குவாட்டில் 2009-இல் 'டன்ஜன் லார்ட்ஸ்' என்னும் பலகை விளையாட்டாக இதனை மேசைக்குக் கொணர்ந்தார். 2013-இல் அமெரிக்காவின் ஓநீல் சகோதரர்கள் 'பாஸ் மான்ஸ்டர்' என்னும் சீட்டு விளையாட்டாக அதை எளிமைப்படுத்தினர். இப்பின்னைய இரண்டையும் சற்று ஊன்றி நோக்குவோம்.

ஆசை காட்டும் அறைகள்

'பாஸ் மான்ஸ்டர்' விளையாட்டை 2 முதல் 4 பேர் வரை ஆடலாம். 1980-களின் வீடியோ விளையாட்டுகளில் கண்ட கட்டம் கட்டமான படங்களைப் போலவே இதன் சீட்டுகள் வரையப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் அரக்கத் தலைவன். அவனுக்கு இடப்புறமாக அறைச் சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நிலவறை கட்டவேண்டும். ஐந்து அறைகளுக்கு மேல் நீளக் கூடாது. ஒவ்வோர் அறைச் சீட்டிலும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, அங்கே நுழையும் வீரனுக்கு எவ்வளவு சேதம் விளையும் என்னும் எண். மற்றது, அங்கே எவ்வகைப் புதையல் உள்ளது என்னும் குறி.

சுற்றுதோறும் ஊருக்குள் புதிய வீரர்கள் வருகின்றனர். ஆடுவோர் எத்தனை பேரோ அத்தனை வீரர்கள். போர்வீரன் ஆயுதத்தை நாடுகிறான். மந்திரவாதி ஏட்டை நாடுகிறான். திருடன் பண மூட்டையை நாடுகிறான். சமயத் துறவியோ புனிதச் சின்னத்தை நாடுகிறார். எவருடைய நிலவறையில் தன் மனத்திற்கு உகந்த பொருள் மிகுதியாக உள்ளதோ, அங்கே அவ்வீரன் தானாகவே நடந்து செல்வான். எவரும் அவனைப் பிடித்து இழுப்பதில்லை. அவன் ஆசையே அவனை இழுக்கிறது.

உள்ளே சென்ற வீரன் அறை அறையாகக் கடக்கிறான். அறைகளின் சேதம் அவன் உயிர்வலிமையை எட்டினாலோ விஞ்சினாலோ அவன் வீழ்கிறான். நிலவறைத் தலைவனுக்கு ஒரு புள்ளி கிடைக்கிறது. அவன் தாங்கிக் கடந்துவிட்டாலோ தலைவனுக்கு ஒரு காயம் ஏற்படுகிறது. பத்துப் புள்ளி சேர்த்தவர் வெல்வார். ஐந்து காயம் பட்டவர் ஆட்டத்தை விட்டு விலகுவார். பிற்பகுதியில் வரும் பெருவீரர்களுக்குப் புள்ளியும் இரண்டு, காயமும் இரண்டு.

இங்கே ஆழ்ந்து எண்ணத்தக்க செய்திகள் இரண்டு உள்ளன. முதலாவது: ஆசை காட்டுவதில் முந்திக்கொண்டு, தாங்கும் வலிமையில் பிந்தியவர் தாமே அழிகிறார். புதையலை மிகுதியாகக் குவித்து ஊரிலுள்ள வீரரையெல்லாம் தம் வாயிலுக்கு அழைத்துவிட்டு, அவர்களை எதிர்கொள்ள வழியின்றி விழிப்பவர்களை ஒவ்வோர் ஆட்டத்திலும் காணலாம். தகுதிக்கு மிஞ்சிய பகட்டு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

இரண்டாவது: இரண்டு நிலவறைகளில் புதையல் சமமாக இருந்தால், வீரன் எங்கும் செல்வதில்லை, ஊரிலேயே தங்கிவிடுகிறான். அவனைப் பெறவேண்டுமாயின் மற்றவரைவிட ஒரு படியேனும் மிகுதியாகக் காட்டவேண்டும். வணிகர்களின் விளம்பரப் போட்டியின் உள்ளியல்பு இந்த ஒரே விதியில் அடங்கிவிட்டது. 'இவன் என்னை நாடி வருகிறான்' என்று எண்ணும் தலைவனுக்கும், 'நானே விரும்பிச் செல்கிறேன்' என்று எண்ணும் வீரனுக்கும் இடையே தூண்டிலில் கோத்த இரை ஒன்று தொங்குகிறது. தூண்டில் போடுபவன் இடத்தில் ஒருமுறை அமர்ந்து பார்த்த பிள்ளை, நாளை கடைவீதியில் தன்முன் ஆடும் இரையை இனங்கண்டுகொள்ளக் கூடும். அதற்கு ஒருவர் அருகிலிருந்து ஒரு சொல் எடுத்துச் சொல்லவேண்டும், அவ்வளவே.

தீமைக்கு ஓர் அளவுகோல்

'டன்ஜன் லார்ட்ஸ்' சற்றுக் கடினமானது. வளர்ந்த பிள்ளைகளுக்கே ஏற்றது. இதில் ஆடுவோர் உரிமம் பெறத் துடிக்கும் புதிய நிலவறைத் தலைவர்கள். அரக்கர்களுக்கும் ஓர் அமைச்சகம் உண்டாம். அதற்கு வரி கட்டவேண்டுமாம்! சுரங்கத்தைத் தோண்டத் தோண்ட வரியும் வளரும். பணியில் அமர்த்திய பூதங்களுக்குக் கூலியும் கொடுக்கவேண்டும். பொல்லாங்கு செய்யக் கிளம்பியவன் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதே இவ்விளையாட்டின் நகைச்சுவை.

ஆட்டம் இரண்டு ஆண்டுகள் என்று பகுக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கு நான்கு பருவங்கள். பருவந்தோறும் உணவு தேடுதல், நற்பெயர் பெறுதல், சுரங்கம் தோண்டுதல், பொன் எடுத்தல், ஏவலரைச் சேர்த்தல், பொறி வாங்குதல், பூதத்தை அமர்த்துதல், அறை கட்டுதல் என்னும் எட்டுப் பணிகளுள் மூன்றை ஒவ்வொருவரும் மறைவாகத் தெரிவு செய்வர். ஒரே பணியைப் பலர் நாடினால் முந்தியவருக்கு ஒரு நிலை, பிந்தியவருக்கு வேறு நிலை. சான்றாக, உணவு தேடிக் கிராமத்திற்கு முதலில் செல்பவர் காசு கொடுத்து வாங்குகிறார். பிந்தியவரோ பறித்துக்கொண்டு வருகிறார். பறித்தவருக்குத் 'தீமை அளவுகோல்' என்னும் பட்டையில் குறி மேலே ஏறுகிறது.

அந்த அளவுகோலே இவ்விளையாட்டின் உயிர்நாடி. ஆண்டின் இறுதியில் வீரர்கள் வருவர். தீமை குறைந்தவரிடம் வலிமை குறைந்த வீரனும், தீமை மிகுந்தவரிடம் வலிமை மிகுந்த வீரனும் செல்வர். எல்லை மீறிப் பொல்லாதவராகிவிட்டாலோ, 'பாலடின்' என்னும் மாவீரன் அவரைத் தேடி வந்து நிற்பான். அரக்கன் வேடமிட்ட ஆட்டத்திலும், தீமைக்கு ஒரு விலை உண்டு என்ற உண்மை அழிக்கப்படவில்லை. மாறாக, அது எண்ணால் அளக்கப்பட்டு மேசையின் நடுவே எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டுள்ளது. ஆடுவோர் அனைவரும் அப்பட்டையை அச்சத்தோடு பார்த்துக்கொண்டே இருப்பர். தம் அளவு மிகுந்தவர், இழந்த நற்பெயரை மீட்க ஒரு முழுப் பணியையே செலவிடுவார்.

ஒன்றை எடு, மீதியைக் கொடு

இனி, இத்தகைய விளையாட்டுகளோடு சேர்ந்து வளர்ந்த ஓர் ஆட்ட முறையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் அதனை 'டிராஃப்ட்' என்பர். முறை மிக எளிது. ஒவ்வொருவர் கையிலும் சில சீட்டுகள் தரப்படும். அவற்றுள் ஒன்றைத் தமக்கென எடுத்துக்கொண்டு மீதியை அடுத்திருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். மறுபக்கத்திலிருந்து வரும் சீட்டுகளிலிருந்து மீண்டும் ஒன்று. இவ்வாறு சீட்டுகள் மேசையைச் சுற்றி வரும்.

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1993-இல் அமைத்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் சீட்டு விளையாட்டை ஆடியோரிடையே இம்முறை பெரிதும் பரவியது. 2004-இல் ஜப்பானியரான சத்தோஷி நகமுரா 'ஃபேரி டேல்' என்னும் சிறு விளையாட்டை இம்முறையையே அடிப்படையாகக் கொண்டு அமைத்தார். 2010-இல் பிரெஞ்சுக்காரரான அந்துவான் போசா அமைத்த 'செவன் வொண்டர்ஸ்' இதனை உலகறியச் செய்தது. 2011-இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற ஆண்டு விளையாட்டுப் பரிசுகளுள் ஒன்றும் அதற்குக் கிடைத்தது. பண்டை உலகின் ஏழு அதிசயங்களைக் கட்டுவது அதன் பொருள். காலத்திற்கு ஏழு சீட்டுகளாக மூன்று காலங்கள். முதற்காலத்திலும் மூன்றாவதிலும் சீட்டுகள் இடப்பக்கம் செல்லும், இரண்டாவதில் வலப்பக்கம். ஏழு பேர் ஆடினாலும் ஆட்டம் நெடுநேரம் நீளாது. ஏனெனில் எல்லோரும் ஒரே வேளையில் தெரிவு செய்கின்றனர். ஒருவர் முறை வரும்வரை மற்றவர் கொட்டாவி விட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

நிலவறை கட்டும் விளையாட்டுகள் சிலவும் இம்முறையைக் கைக்கொள்கின்றன. 'பாஸ் மான்ஸ்டர்' வைத்திருக்கும் குடும்பத்தார், தொடக்கத்தில் பெறும் ஐந்து அறைச் சீட்டுகளை இவ்வாறு சுற்றுக்கு விட்டு ஆடிப் பார்க்கலாம். இது அச்சிட்ட விதியன்று, வீட்டு விதி. ஆயினும் ஆட்டத்தின் தன்மையே மாறிவிடும். குருட்டு வாய்ப்பால் வந்த அறைகள் அல்ல இவை. தெரிந்து எடுத்த அறைகள். வேண்டாமென்று நாம் ஒதுக்கிய அறை எதிரில் இருப்பவரின் நிலவறையில் எழுந்து நிற்பதைக் காண்போம்.

இங்கேதான் இம்முறையின் அருமை விளங்கும். சாதாரணச் சீட்டாட்டத்தில் என் கையில் உள்ளது என்னோடு போயிற்று. டிராஃப்ட் முறையிலோ நான் எடுப்பதும் விடுவதும் ஒருங்கே பிறரைத் தொடுகின்றன. எனக்கு எது நல்லது என்று மட்டும் பார்ப்பவன் தோற்பான். அடுத்தவனுக்கு எது தேவை என்றும் பார்க்கவேண்டும். அதைப் பார்த்தவன் முன்னே இரு வழிகள் உள்ளன. எனக்குப் பயன்படாவிட்டாலும் அவனுக்குக் கிட்டக்கூடாது என்று அச்சீட்டை எடுத்துப் புதைத்துவிடலாம். அல்லது எனக்கு உண்மையில் வேண்டியதை எடுத்துக்கொண்டு, அவனுக்கு வேண்டியதை அவனுக்கே விட்டுவிடலாம். ஆட்டத்தில் இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. சில வேளைகளில் முதல் வழியே வெற்றியும் தரும். ஆனால் அடுத்தவனுக்குக் கிட்டக்கூடாது என்பதற்காகவே ஓயாமல் எடுத்துக்கொண்டிருப்பவன் நிலவறை இறுதியில் உருப்படாமற் போவதை அனுபவம் காட்டும். பிறன் வீட்டை இடிக்கச் சேர்த்த கற்களால் தன் வீட்டைக் கட்ட இயலாதல்லவா?

வீட்டிலேயே ஒரு சோதனை

விலை கொடுத்துப் பெட்டி வாங்காமலே இம்முறையைச் சோதித்துப் பார்க்கலாம். சாதாரணச் சீட்டுக்கட்டு ஒன்றே போதும். நால்வர் அமர்ந்து ஆளுக்கு ஏழு சீட்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒன்றைத் தம்முன் கவிழ்த்து வைத்து, மீதி ஆறையும் இடப்பக்கத்தாரிடம் கொடுங்கள். எல்லோரும் வைத்தபின் சீட்டுகளைத் திருப்புங்கள். பிறகு ஆறிலிருந்து ஒன்று, ஐந்திலிருந்து ஒன்று எனக் கடைசிச் சீட்டுவரை தொடருங்கள். ஒரே இனத்தில் மூன்று சீட்டுகள் சேர்ந்தால் மூன்று புள்ளி. நான்கு சேர்ந்தால் ஆறு. ஐந்தோ அதற்கு மேலோ சேர்ந்தால் பத்து. மூன்று சுற்று ஆடிக் கூட்டிப் பாருங்கள். தங்கை இஸ்பேடு சேர்க்கிறாள் என்று அறிந்த அண்ணன் என்ன செய்கிறான் என்பதைப் பெற்றோர் கவனிக்கட்டும். பல நாள் பழகியும் தெரியாத பிள்ளையின் இயல்பு கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்! சீட்டு என்றவுடன் சூது நினைவுக்கு வருவது இயற்கையே. பணம் வைத்து ஆடினால்தான் அது சூது. காசு புழங்காத மேசையில் சீட்டு வெறும் அட்டைத் துண்டுதான்.

ஓர் அச்சத்தின் வரலாறு

நிலவறை விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது, அமெரிக்கக் குடும்பங்களை ஒரு காலத்தில் உலுக்கிய அச்சத்தைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. 1979-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பதினாறு வயது மாணவர் ஒருவர் திடீரென்று காணாமற்போனார். அவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர் என்று தெரிந்ததும், பல்கலைக்கழகத்தின் அடியிலுள்ள நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் அவ்விளையாட்டை ஆடப்போய் மறைந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. சில வாரங்களுக்குப் பின் அவர் வேறொரு மாநிலத்தில் உயிருடன் இருப்பது தெரியவந்தது. ஆனால் மறு ஆண்டே அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவரைத் தேடிய துப்பறிவாளர் 1984-இல் எழுதிய நூலில் உண்மையை விளக்கினார். விளையாட்டு அம்மாணவரை எங்கும் கொண்டுசெல்லவில்லை. வயதுக்கு மீறிய அறிவோடு பெரியவர்களிடையே விடப்பட்ட அப்பிள்ளையின் தனிமையும், மனச்சோர்வும், அவர்மீது சுமத்தப்பட்ட எதிர்பார்ப்பின் பாரமுமே அவரை வாட்டியவை. ஆனால் அதற்குள் வதந்தி வேரூன்றிவிட்டது. 1981-இல் ஒரு புதினமும், 1982-இல் அதைத் தழுவிய தொலைக்காட்சிப் படமும் அக்கதையைப் பரப்பின. 1983-இல், மகனை இழந்த தாய் ஒருவர் இவ்விளையாட்டுக்கு எதிராக ஓர் இயக்கமே தொடங்கினார். கிறிஸ்தவச் சபைகள் பலவற்றில் இவ்விளையாட்டைப் பேயின் வேலை என்று கண்டித்துப் பேசினர். பின்னர் வந்த ஆய்வுகளோ, இவ்விளையாட்டுக்கும் இளைஞரின் தற்கொலைக்கும் காரணத் தொடர்பு இருப்பதாகக் காட்டவில்லை.

அத்தாயின் கண்ணீரை நாம் எள்ளவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த உள்ளம் காரணம் தேடித் தவிப்பது இயல்பு. ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடினால் இழப்பு இரட்டிப்பாகிறது. பெட்டியை எரித்துவிட்டு, அப்பெட்டியின் முன் அமர்ந்திருந்த பிள்ளையின் தனிமையைப் பாராமல் விட்டால், அடுத்த பிள்ளையையும் காப்பாற்ற முடியாது. நாள்தோறும் கதவைச் சாத்திக்கொண்டு பேசாதிருக்கும் மகனைக் கண்டு அஞ்சவேண்டும். நான்கு பேரோடு மேசையைச் சுற்றி அமர்ந்து வாய்விட்டுச் சிரிக்கும் மகனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உண்மையான நிலவறை அட்டையில் அச்சிடப்பட்டதன்று. பேச ஆளில்லாத உள்ளமே அது.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

எனினும் எல்லாப் பெட்டியும் எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றதன்று. வாங்குமுன் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் நலம்.

பெட்டியில் குறித்துள்ள வயதை மதியுங்கள். கதைக்கும் நடப்புக்கும் உள்ள வேறுபாட்டை உணராத இளம் பிள்ளைக்கு அரக்கன் வேடம் உறக்கத்தைக் கெடுக்கலாம். 'பாஸ் மான்ஸ்டர்' ஆட்டத்தில் வெற்றிப் புள்ளிக்கு 'ஆன்மா' என்று பெயரிட்டுள்ளனர். மனித ஆன்மாவின் மதிப்பை அறிந்த நமக்கு அச்சொல் உறுத்துவது இயல்பே. அதைப் 'புள்ளி' என்றே வழங்கி ஆடலாம். அல்லது உறுத்தலை மறைக்காமல் பிள்ளைகளோடு பேசலாம். அதற்கும் மனம் ஒப்பாதோர்க்கு அரக்கரே இல்லாத டிராஃப்ட் விளையாட்டுகள் உண்டு. ஏழு அதிசயங்களைக் கட்டும் விளையாட்டை மேலே கூறினோம். 2013-இல் வெளிவந்த 'சூஷி கோ!' என்பது ஜப்பானிய உணவுத் தட்டுகளைச் சேர்க்கும் சிறு ஆட்டம், சிறுவர்க்கும் எளிது.

பணத்தையும் கருதவேண்டும். ஒரே பெட்டியில் எல்லாச் சீட்டுகளும் அடங்கிய விளையாட்டு ஒரு வகை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மூடிய பொட்டலங்களை மேலும் மேலும் வாங்கத் தூண்டும் 'மேஜிக்' போன்றவை வேறு வகை. அரிய சீட்டு கிடைக்குமென்று பொட்டலம் பொட்டலமாகப் பிரிக்கும் சிறுவனின் உள்ளத்தில் பரிசுச் சீட்டு வாங்குபவனின் ஏக்கமே குடியேறுகிறது. பொறியும் புதையலும் சீட்டில் மட்டுமன்று, கடையிலும் உண்டு என்பதை மறவாதீர்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைகளோடு அமர்ந்து நீங்களும் ஆடுங்கள். விதிகளை அவர்களே உங்களுக்குக் கற்பிக்கட்டும். நாள் முழுதும் கற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குத் தன் தந்தைக்கு ஆசிரியனாகும் வாய்ப்பு எத்தனை முறை கிட்டும்? ஆட்டம் முடிந்தபின் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "அந்த வீரன் ஏன் உன் நிலவறைக்கு வந்தான்?" "தங்கைக்கு வேண்டிய சீட்டை நீ ஏன் எடுத்தாய்?" விடைகளைத் திருத்த முற்பட வேண்டாம். கேட்டாலே போதும்.

குடும்பமும் ஒருவகையில் கை மாற்றும் சீட்டுகள் போன்றதே. நமக்கு முன்னிருந்தோர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை நம்மிடம் தந்தனர். நாமும் எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் தருகிறோம். நல்ல சீட்டுகளையெல்லாம் நாமே வைத்துக்கொண்டால் மேசையின் மறுமுனையில் அமர்ந்திருக்கும் சிறு கைகளுக்கு என்ன மிஞ்சும்? நேரம் என்னும் சீட்டையாவது இன்றிரவு அவர்கள் பக்கம் நகர்த்துவோம்.